தாளம் யாருடைய ரத்தத்திலும் இல்லை

(வன்னியம்பட்டியில் மாலைநேர வகுப்புத் தன்னார்வலர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாகத் தாளம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று பேசச் சொன்னீர்கள். கேட்பதற்கு எளிய தலைப்புதான். ஆனால் நம் ஊர்ப்பக்கம் தாளம் என்று வாயெடுத்தாலே, யார் அடிப்பது, யாருக்காக அடிப்பது, எங்கே நின்று அடிப்பது என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடும். அந்தக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் விளையாட்டுகளை மட்டும் சொல்ல என்னால் முடியாது. விளையாட்டில் குழந்தைகள் சாதியை எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. எனவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் ஒரு பாராட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் நன்றாகத் தட்டினால் உடனே யாராவது சொல்வார்கள்: "இது இவங்க ரத்தத்துலயே ஊறினது சார், சொல்லிக்குடுக்கவே வேண்டாம்." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ரத்தத்தில் ஊறியது என்றால் அதில் உழைப்பு இல்லை, பயிற்சி இல்லை, ஆசிரியர் இல்லை. அப்படியானால் கற்றுக்கொடுத்த தாத்தாவுக்குக் கலைஞர் என்ற பெயரும் வேண்டாம், கூலியும் வேண்டாம். கணக்கு ஒருவன் ரத்தத்தில் இருக்கிறது, கொட்டு இன்னொருவன் ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்வதற்குப் பெயர்தான் சாதி. பாராட்டின் வேடத்தில் வந்தாலும் அது அதுதான்.

அறிவியல் இதற்கு என்ன சொல்கிறது? 2009-இல் ஹங்கேரி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர்களுக்கு ஒரு தாளக்கட்டை ஒலிக்கவிட்டு மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்தார்கள். அழுத்தமான முதல் அடியை மட்டும் இடையிடையே விட்டுவிட்டபோது, குழந்தையின் மூளை "ஏதோ காணவில்லை" என்று காட்டியது. தொட்டிலுக்கு வந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தை அடுத்த அடியை எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்புதான் தாளத்தின் வேர். அது மனிதக் குழந்தைகளுக்குப் பொதுவாக இருப்பது. ஒரு தெருவுக்கோ ஒரு சாதிக்கோ எழுதிக்கொடுக்கப்பட்டது அல்ல. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை எதைக் கேட்டு வளர்கிறது, எதைத் தொட அனுமதிக்கப்படுகிறது, யாரோடு சேர்ந்து தட்ட விடப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. அந்த வேறுபாட்டைச் செய்வது சமூகம். எனவே அதை வகுப்பறையில் மாற்றியும் பார்க்கலாம்.

சரி, என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். துடிப்பு வேறு, தாளக்கட்டு வேறு. துடிப்பு என்பது சீராக ஓடிக்கொண்டே இருப்பது. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் தெரியுமே, அதுபோல. தாளக்கட்டு என்பது அந்தத் துடிப்பின்மேல் சொற்களும் அடிகளும் நீண்டும் குறுகியும் உட்காரும் விதம். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தறியே போதும். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கூடத்தின் பக்கத்தில் வளர்ந்த பிள்ளையிடம் "தறிச் சத்தம் போட்டுக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். நாடா போய்வரும் அடியை அச்சுப் பிசகாமல் வாயால் போடும். அதுதான் துடிப்பு. அதன்மேல் அந்தப் பிள்ளை தன் பெயரைச் சொன்னால் அது தாளக்கட்டு. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நாங்கள் நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு ஆடும் சில விளையாட்டுகளைச் சொல்கிறேன். எதற்கும் காசு செலவில்லை.

முதலாவது, நடை. ஒருவர் தகர டப்பாவைச் சீராகத் தட்டுவார். பிள்ளைகள் அந்த அடிக்கு நடப்பார்கள். தட்டு நின்றால் சிலையாக நிற்க வேண்டும். வேகம் கூடினால் ஓட்டம், குறைந்தால் ஆனை நடை. ஜெனீவாவில் இசை ஆசிரியராக இருந்த எமில் ஜாக் டால்குரோஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழிக்கு வந்துசேர்ந்தார். கருவி வாசிக்கத் தெரிந்த தன் மாணவர்களுக்கே உடம்பில் தாளம் நிற்கவில்லை என்பதைக் கவனித்து, அவர்களை நடக்கவைத்து, குதிக்கவைத்துப் பாடம் நடத்தினார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். நாலைந்து வயதுப் பிள்ளை தானாகத் தட்டும் வேகம் பெரியவர்களுடைய வேகத்தைவிட அதிகம். நீங்கள் உங்கள் நிதானத்தில் தட்டிவிட்டு, "பிள்ளைக்குத் தாளம் நிக்கலையே" என்று சொல்லக் கூடாது. முதலில் பிள்ளையை நடக்கவிட்டு அந்த நடைக்கு நீங்கள் தட்டுங்கள். நாலு நாள் கழித்து அது உங்கள் வேகத்துக்கு இறங்கி வரும்.

இரண்டாவது, பெயர் விளையாட்டு. வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் முறை வரும்போது ஒரே அடிக்குள் தன் பெயரைச் சொல்ல வேண்டும். உடனே மொத்த வட்டமும் அடுத்த அடியில் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லும். "மணி" என்றாலும் ஒரு அடிதான், "முத்துலட்சுமி" என்றாலும் ஒரு அடிதான். சின்னப் பெயரை நீட்ட வேண்டும், பெரிய பெயரை நெருக்க வேண்டும். ஓர் அடியை இரண்டாகவும் நான்காகவும் பிரிப்பது எப்படி என்பதைப் பிள்ளைகள் இங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். இதில் இன்னொன்றும் நடக்கிறது. எழுபது வயதுக் கிழவரையும் பெயர் சொல்லி "டேய்" என்று சின்னப் பையன்கள் கூப்பிட்ட ஊர்கள் நம்முடையவை. அங்கே எந்தத் தெருப் பிள்ளையின் பெயராக இருந்தாலும் இருபது குரல்கள் அதைச் சரியாக, முழுதாக, ஒரே மரியாதையோடு திருப்பிச் சொல்கின்றன. பட்டப்பெயருக்கு இங்கே இடமில்லை என்பது விளையாட்டின் விதி.

மூன்றாவது, கல் மாற்றுவது. தட்டாங்கல் ஆடும் கற்களில் ஆளுக்கு ஒன்று. ஓர் அடிக்கு எடுக்க வேண்டும், அடுத்த அடிக்குப் பக்கத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். ஒருவர் தாமதித்தால் அவர் முன்னால் கற்கள் குவிந்துவிடும். அவசரப்பட்டால் வாங்கக் கை இருக்காது. இதில் தனியாகக் கெட்டிக்காரராக இருந்து பயனில்லை. கல்லைத் தரையில் வைக்கக் கூடாது, கையில்தான் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கட்டாயமாக வைத்திருக்கிறோம். ஏன் என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. காசையும் தண்ணீரையும் தூக்கிப் போட்டு வாங்கிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது.

நான்காவது, மௌன அடி. ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிவிட்டு நான்கைத் தட்டாமல் மனதுக்குள் மட்டும் சொல்ல வேண்டும். பிறகு மூன்றையும் நான்கையும் விட வேண்டும். கடைசியில் ஒன்று மட்டும்தான் சத்தமாக இருக்கும். மற்ற மூன்றும் எல்லோர் மனதிலும் ஒரே வேகத்தில் ஓடும். சத்தம் இல்லாத இடத்திலும் துடிப்பு ஓடுகிறது என்று பிள்ளை உணர்ந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஐந்தாவது, சொல்கட்டு. "தகதிமி" என்றால் நான்கு, "தகிட" என்றால் மூன்று. இரண்டையும் சேர்த்தால் ஏழு. "தக தகிட" என்றால் ஐந்து. ஹங்கேரியில் கோடாய் முறையில் "தா", "தீ-தீ" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதற்கு இணையான, அதைவிட நுட்பமான வாய்மொழி நம்மிடம் இருக்கிறது. ஆனால் சதுஸ்ரம், திஸ்ரம், கண்டம் என்று பெயர் வைத்து அதைச் சபாக்களுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். பெயரைப் பின்னால் சொல்லுங்கள். முதலில் வாய் பழகட்டும். கொட்டடிக்கும் ஆசான்களும் காலங்காலமாக வாயால் சொல்லித்தானே அடியைக் கற்றுக்கொடுத்தார்கள்! சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி என்று பெயரும் இலக்கணமும் அவர்களிடமும் உண்டு.

இப்போது பறைக்கு வருகிறேன்.

நம் வகுப்புக்கு முதன்முதலில் பறையைக் கொண்டுவந்தபோது இரண்டு எதிர்ப்புகள் வந்தன. ஊர்த் தெருவிலிருந்து பிள்ளையை அனுப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா சொன்னார்: "கல்லு வச்சு ஆடுறவரைக்கும் சரி தம்பி. அந்தக் கொட்டைத் தொட்டா வீட்ல ஆளுக ஏசுவாக." அது எதிர்பார்த்ததுதான். இன்னொரு எதிர்ப்பு நம் தெருவிலிருந்தே வந்தது. மில்லில் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார்: "நடுராத்திரி எந்த வீட்ல எழவு விழுந்தாலும் எங்கப்பனை வந்து எழுப்புவாக. வரமாட்டேன்னு சொல்ல முடியாது. அந்தச் சத்தம் கேட்டா இன்னைக்கும் எனக்குத் தூக்கம் போயிரும். எம்மவனுக்கு அது வேண்டாம்."

இந்த இரண்டு மறுப்பும் ஒன்றல்ல. முதலாவது தீட்டு. இரண்டாவது வரலாறு. சாவுக்கும் சாமிக்கும் கூலியில்லாமல், கூப்பிட்ட நேரத்துக்கு வந்து அடித்தாக வேண்டும் என்ற கட்டாயத்துக்கு எதிராகத் தமிழகத்தில் எத்தனையோ சேரிகள் "இனி அடிக்க மாட்டோம்" என்று சொல்லிப் போராடியிருக்கின்றன, அடி வாங்கியிருக்கின்றன. எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் அந்த மறுப்பை ஓர் அரசியலாகவே முன்னெடுத்தார்கள். செத்த மாட்டைச் சுமக்காதே என்று அம்பேத்கர் சொன்னதன் தொடர்ச்சி அது. இன்னொரு பக்கம், பறையை இழிவிலிருந்து மீட்டு மேடையேற்றிய மரபும் நமக்கு இருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மறுத்தவர்களும் நம்மவர்கள், மீட்டவர்களும் நம்மவர்கள். ஒருவரைக் காட்டி மற்றவரைத் துரோகி என்று சொல்லும் விவாதத்தில் எனக்கு விருப்பமில்லை. இருவரும் எதிர்த்தது ஒன்றைத்தான்: பிறப்பைக் காரணம் காட்டி ஒருவர் கையில் குச்சியைத் திணிப்பதை.

எனவே எங்கள் வகுப்பில் சில விதிகளை எழுதி ஒட்டினோம். ஒன்று, எட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் பறை கிடையாது. கை, கால், வாய், கல் மட்டும்தான். இரண்டு, பறை கற்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையும் வீட்டாரும் முடிவுசெய்வார்கள். மூன்று, வகுப்புப் பிள்ளைகள் எந்தச் சாவுக்கும், எந்தக் கோயில் கொடைக்கும், எந்தச் சிறப்பு விருந்தினரை வரவேற்பதற்கும் அடிக்க மாட்டார்கள். நான்கு, கற்றுக்கொடுக்க வரும் பறைக் கலைஞர் ஆசிரியர். ஆசிரியருக்கு உரிய சம்பளம் அவருக்கு உண்டு. ஐந்து, நம் தெருப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சிப்போனால் அன்றைக்குப் பறை வகுப்பு கிடையாது.

அந்த ஐந்தாவது விதியை எதிர்த்துப் பல தோழர்கள் என்னிடம் சண்டை போட்டார்கள். "அவங்க வரலைன்னா நம்ம பிள்ளைக ஏன் நஷ்டப்படணும்?" என்றார்கள். நியாயமான கேள்வி. நம் பிள்ளைகள் கல் விளையாட்டையும் சொல்கட்டையும் இழப்பதில்லை. அவை எந்நாளும் உண்டு. ஆனால் பறை மட்டும் மறுபடி ஒரே தெருவின் கையில் தங்கிவிட்டால், நாம் செய்வது பழைய குலத்தொழிலுக்குப் புதிய பயிற்சி முகாம் நடத்துவதாகிவிடும். நான் படித்த காலத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் பரதம் ஆட ஒரு பட்டியல், கொட்டடிக்க ஒரு பட்டியல் எழுதினார்கள். எங்கள் பெயர்களை யாரும் எங்களிடம் கேட்டு எழுதவில்லை. அந்தப் பட்டியலை நாமே நம் கையால் மறுபடி எழுதக் கூடாது.

நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா சில வாரம் கழித்துப் பிள்ளையைத் திரும்ப அனுப்பினார். அவரோடு நின்றுபோன இன்னொரு பிள்ளை இன்றுவரை வரவில்லை. மில் தொழிலாளியின் மகன் கல் விளையாட்டு நாள்களில் வருகிறான், பறை நாள்களில் வருவதில்லை. அவன் அப்பாவின் முடிவை நாங்கள் மாற்ற முயலவில்லை.

பறை எல்லோருக்கும் பொது என்று சொல்லும்போது புதிதாக எதையும் நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். அதாவது குறிஞ்சிக்கும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் தனித்தனிப் பறை இருந்தது. இன்னும் பக்கத்தில் வாருங்கள். திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் அந்தப் பெண்கள் நோன்புக்காகக் கண்ணனிடம் கேட்பது என்ன? பறை. மார்கழி முழுக்க விடியற்காலையில் ஒலிபெருக்கியில் அந்தச் சொல் ஊர் ஊராகக் கேட்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் கைங்கரியம், பேறு என்று ஆழமான பொருள்களைச் சொல்லிவைத்தார்கள். சொல்லுக்கு வீட்டுக்குள் இடம் கிடைத்தது. கருவி தெருமுனையிலேயே நின்றது.

மிருதங்கமும் இதே கதைதான். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அந்தத் தோலைத் தேர்ந்து, வெட்டி, இழுத்துக் கட்டி, நாதத்தைக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்கு முதலில் அரங்கம் தந்த கலாக்ஷேத்ரா, 2020-இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. தோல் தீட்டு, அதைத் தொட்டவர் தீட்டு, அதிலிருந்து வரும் ஒலி மட்டும் தெய்வீகம். இந்தக் கணக்கை ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், சிரிக்கும். சிரிக்கும் வயதிலேயே சொல்லிவிட வேண்டும்.

சேர்ந்து தட்டினால் சாதி போய்விடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மனியில் கிர்ஷ்னர், தொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் இதையொட்டிச் சில சோதனைகள் செய்தார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகள்கூட, இயந்திரம் தட்டுவதைவிட எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டும்போது நன்றாகச் சேர்ந்து தட்டினார்கள் என்று 2009-இல் கண்டார்கள். சேர்ந்து பாடி ஆடிய நான்கு வயதுப் பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் கூடுதலாக உதவினார்கள் என்று 2010-இல் கண்டார்கள். கைப்பேசியில் தாளச் செயலியைப் போட்டுக்கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிவிடக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் இதை அளவுக்குமீறி நம்பவும் கூடாது. படைகளும் ஒரே அடியில்தான் நடக்கின்றன. கலவரக் கும்பலும் ஒரே குரலில்தான் கத்துகிறது. திருவிழாவில் ஒரே கொட்டுச் சத்தத்துக்குத்தான் எல்லாத் தெருவும் ஆடுகிறது, தனித்தனியாக நின்றுகொண்டு. ஒரே அடிக்கு ஆடுவது மட்டும் சமத்துவம் ஆகாது. அடியை எடுத்துக்கொடுப்பவர் யார் என்பது முக்கியம். அதனால் எங்கள் வகுப்பில் டப்பாவைத் தட்டும் வேலை முறைவைத்து வருகிறது. ஐந்து வயதுச் சிறுமி தட்டினால் எட்டு வயதுப் பையன்கள் அவள் அடிக்கு நடக்க வேண்டும். அவள் நிறுத்தினால் நிற்க வேண்டும். மேல்சாதிப் பையன் நம் பிள்ளையின் அடிக்கு நடக்கிறான். நம் பையன் பெண்பிள்ளையின் அடிக்கு நடக்கிறான். இரண்டாவதில்தான் நம் வீடுகளிலும் முணுமுணுப்பு வருகிறது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஜனநாயகம் ஓர் ஆட்சிமுறையோடு நின்றுவிடுவதில்லை, முதன்மையாக அது சேர்ந்து வாழும் முறை என்பது 1936-இல் வெளியான 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கரின் வாதம். அதைப் பிள்ளைகளுக்கு வாக்கியமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. வட்டத்தில் உட்காரவைத்துப் பழக்க முடியும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தமிழக அரசு 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. இசை, ஓவியம், உடற்கல்வி, தையல் என்று பல பாடங்களுக்குமாகச் சேர்த்து, அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான். தாளம் உடம்பில் எளிதாக ஊன்றும் வயதோ அங்கன்வாடியும் தொடக்கப்பள்ளியும். அந்த வயதில் காசு உள்ள வீட்டுப் பிள்ளை பாட்டு வகுப்புக்குப் போகிறது. மற்ற பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒலிபெருக்கிதான். தொடக்கப்பள்ளியில் இசைக்கு நேரமும் ஆசிரியரும் வேண்டும், அந்த ஆசிரியர்களில் பறைக் கலைஞர்களும் தவில் கலைஞர்களும் உறுமிக் கலைஞர்களும் இருக்க வேண்டும், சான்றிதழ் இல்லை என்று அவர்களை வெளியே நிறுத்தக் கூடாது என்று நாம் கேட்க வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளை மாலை வகுப்பில் பாடம் தொடங்கும் முன் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் விளையாட்டில் தொடங்குங்கள். வட்டத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று முதல் நாளே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி குறித்துப் பாருங்கள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு வாருங்கள், அதைவைத்துப் பேசுவோம்.